நியூ ஜெர்சியில் வீடு வாங்கும்போது: பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பதா, ஊரைப் பார்ப்பதா?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ப்ளெயின்ஸ்போரோ அப்பார்ட்மென்ட்டில் ஆறு வருடமாக இருக்கிறீர்கள். மகள் அடுத்த வருடம் கிண்டர்கார்டன் போகிறாள், மகனுக்கு ஒன்றரை வயது. வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் ரயிலேறி நியூயார்க் போகிறார், உங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை. பார்த்து வைத்திருப்பது இரண்டு வீடுகள். ஒன்று வெஸ்ட் வின்ட்சரில் 7,40,000 டாலருக்கு ஒரு டவுன்ஹவுஸ், வருட வரி 14,000, வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம் மாதம் 350. இன்னொன்று சவுத் பிரன்ஸ்விக்கில், கெண்டல் பார்க் பக்கம், 7,20,000 டாலருக்கு ஒரு பழைய தனிவீடு, வரி 11,500. பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று இணையதளங்கள் போடும் மதிப்பெண்ணில் முதல் வீட்டின் பள்ளி முந்துகிறது. "இரண்டாவதை எடுத்தால் பிள்ளைகள் படிப்பில் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. அந்த மதிப்பெண் வித்தியாசத்துக்காக மட்டும் டவுன்ஹவுஸை எடுக்காதீர்கள். வேறு காரணங்களுக்காக எடுத்தால் அது தனி விஷயம், அதையும் கீழே சொல்கிறேன். நான் இந்த மாநிலத்துக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. இரண்டு முறை வீடு வாங்கியாயிற்று, மூத்தவள் கல்லூரியில் இருக்கிறாள். முதல் வீட்டை நான் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அந்த ஒன்பது, பத்து எல்லாம் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். மாநிலம் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருடந்தோறும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் பொதுத் தேர்வு வைக்கிறது. இணையதளங்கள் தரும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்தத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதிலிருந்து வருகிறது. பெற்றோர் இருவரும் பொறியாளர்களாக இருந்து, இரண்டாம் வகுப்பிலேயே தனிக் கணக்கு வகுப்புக்கு அனுப்பும் ஊரில் அந்த விகிதம் உயரமாகத்தான் இருக்கும். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்வதில்லை.

பிரித்துச் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது, நம்மவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வருடாந்திரச் செயல்பாட்டு அறிக்கை வெளியிடுகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் 'மாணவர் வளர்ச்சி' என்றொரு பகுதி வரும். போன வருடம் இதே மதிப்பெண் வாங்கிய மாநிலத்தின் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளியின் பிள்ளைகள் இந்த வருடம் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை அது காட்டும். 50 என்பது நடுப்புள்ளி. தேர்ச்சி விகிதம் வானத்தில் இருந்து வளர்ச்சி 45-ல் நிற்கும் பள்ளிகளும் உண்டு, தேர்ச்சி சுமாராக இருந்து வளர்ச்சி 60-ஐத் தொடும் பள்ளிகளும் உண்டு. உங்கள் இரண்டு வீடுகளுக்கும் உரிய தொடக்கப்பள்ளிகளின் அறிக்கைகளை எடுத்து, இந்த எண்ணை மூன்று வருடத்துக்குப் பாருங்கள். ஒரு வருடம் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், சின்னப் பள்ளிகளில் அது ஏறி இறங்கும். பள்ளிக்கு அடிக்கடி வராமல் போகும் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்பதும் அதே அறிக்கையில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணில் உச்சத்தில் இருக்கும் பள்ளிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் இப்போது இருக்கும், இரண்டு ஊருக்கும் பொதுவான வெஸ்ட் வின்ட்சர்-ப்ளெயின்ஸ்போரோ பள்ளி டிஸ்ட்ரிக்ட்டிலேயே 2015-ல் அதன் தலைவராக இருந்த கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். முந்தைய கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 120 பேரை மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, இறுதித் தேர்வுகள் நிறுத்தப்பட்டன, வீட்டுப்பாடமே இல்லாத இரவுகள் அறிவிக்கப்பட்டன, தொடக்கப்பள்ளியில் பாடத்தை முன்கூட்டியே வேகமாக நடத்தும் கணக்கு வகுப்பு சுருக்கப்பட்டது. பெற்றோர் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள், ஆசியப் பெற்றோரில் பலர் எதிர்த்தார்கள். பிரச்சினையை மூடி மறைக்காமல் எழுதியதால் அந்த நிர்வாகத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அதனால் அந்த ஊர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்துக்குப் பத்து வாங்கும் இடத்தில் பிள்ளை என்ன சுமக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

என் மகள் படித்தது வேறு ஊர், பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பில் கணக்கில் மேல்பிரிவு கிடைக்கவில்லை. அவள் வகுப்பில் நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் அந்தப் பிரிவில் இருந்தார்கள். ஒரு நாள் மாலை அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து பென்சிலை உருட்டிக்கொண்டே, "நான் மக்கா அம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு எந்தப் பாடத்திலும் 'பி'-க்குக் கீழே வந்ததில்லை. அப்போது எங்களுக்குச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்த வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. கூடுதல் வேலை பார்த்துவிட்டு இரண்டு பேரும் எட்டு மணிக்கு வீடு சேருவோம், அவள் கேட்ட நீச்சல் வகுப்பைக்கூடத் தள்ளிப்போட்டோம். பள்ளிக்காக வாங்கிய வீடு, பள்ளி விட்டு வரும் பிள்ளையோடு உட்காரும் நேரத்தைத் தின்றுவிட்டது. அதனால்தான் மாதக் கணக்கைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். டவுன்ஹவுஸில் வரியும் சங்கக் கட்டணமும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 1,517 டாலர். தனிவீட்டில் வரி மட்டும், மாதம் 958. கடன் தவணை வித்தியாசத்தை விட்டாலும் வருடத்துக்கு 6,700 டாலர் வித்தியாசம் வருகிறது. ஆனால் தனிவீட்டில் கூரை உங்களுடையது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் உங்களுடையது, பனி வாரும் மண்வெட்டியும் உங்களுடையது. அந்த வித்தியாசத்தில் பாதியையாவது வீட்டுப் பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாநிலத்தில் வரியைப் புரிந்துகொள்ளாமல் ஊர்களை ஒப்பிடவே முடியாது. வீட்டுவரியில் நாட்டிலேயே உச்சத்தில் இருக்கும் மாநிலம் இது. 2024-ல் சராசரி பில் 10,000 டாலரைத் தாண்டியது, அதில் பாதிக்குச் சற்று மேல் பள்ளிக்கே போகிறது. வரி விகிதத்தை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். எடிசனில் விகிதம் 5 சதவீதத்துக்கு மேல் என்று பார்த்து மிரண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். அங்கே ஊர் முழுவதையும் மறுமதிப்பீடு செய்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. சந்தையில் ஏழு லட்சம் போகும் வீட்டின் மதிப்பு வரி ஏட்டில் அதில் பாதிகூட இருக்காது, விகிதம் உயரமாகத் தெரிவது அதனால்தான். எனவே விகிதத்தை விட்டுவிட்டு டாலரில் பில் எவ்வளவு என்று பாருங்கள். கவுன்ட்டி (பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) வரி வாரியத்தின் பதிவில் கடந்த வருடங்களின் பில்களும் கிடைக்கும்.

கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே ஒரு தப்புக் கணக்குப் போடுவார்கள். நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கினீர்கள் என்பதற்காக மட்டும் உங்கள் வீட்டின் மதிப்பீட்டை இங்கே உயர்த்த முடியாது, அது சட்டப்படி தவறு. ஊர் முழுக்க மறுமதிப்பீடு நடந்தால் மாறும், அடித்தளத்தை (பேஸ்மென்ட்) அனுமதி வாங்கி அறையாக்கினால் கூடும். மத்திய வருமான வரியில் மாநில, உள்ளூர் வரிக்கான கழிவு 2018 முதல் 10,000 டாலரோடு நின்றிருந்தது. 2025-ல் வந்த சட்டம் அதை 40,000 ஆக்கியது, வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டினால் அது குறையும். இரண்டு சம்பளம் இருப்பதால் உங்களுக்கு இது பொருந்துமா என்று கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்து எல்லைகள். அனுபவப்பட்டவர்களே சறுக்கும் இடம் இதுதான். அஞ்சல் முகவரியில் 'பிரின்ஸ்டன்' என்று இருந்தால் பிரின்ஸ்டன் பள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த முகவரி வெஸ்ட் வின்ட்சர், ப்ளெயின்ஸ்போரோ, லாரன்ஸ், மான்ட்கோமெரி, சவுத் பிரன்ஸ்விக் வரை பரவிக் கிடக்கிறது. கெண்டல் பார்க் பக்கம் இது இன்னும் நுட்பமானது. ரூட் 27 சாலையேதான் எல்லை. ஒரு பக்கம் மிடில்செக்ஸ் கவுன்ட்டியின் சவுத் பிரன்ஸ்விக், எதிர்ப்பக்கம் சாமர்செட் கவுன்ட்டியின் ஃப்ராங்க்ளின் டவுன்ஷிப். சிக்னலில் நின்று கையசைத்தால் தெரியும் தூரத்தில் ஊர் வேறு, கவுன்ட்டி வேறு, பள்ளி வேறு. விற்பனை விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாமல், வீட்டு எண்ணோடு டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எந்தத் தொடக்கப்பள்ளி, எந்த நடுநிலை, எந்த உயர்நிலை என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லை மாற்றப் பேச்சு நடக்கிறதா என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள். சவுத் பிரன்ஸ்விக்கில் ஒரு வசதி, உயர்நிலைப் பள்ளி ஒன்றுதான், யார் எங்கே போவது என்ற இழுபறி அந்த மட்டத்தில் கிடையாது. ஆனால் 2,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளி. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை அங்கே கூட்டத்தில் கரைந்துவிடலாம். வெஸ்ட் வின்ட்சர்-ப்ளெயின்ஸ்போரோவில் நார்த், சவுத் என்று இரண்டு உயர்நிலைப் பள்ளிகள், எடிசனிலும் இரண்டு.

கவுன்ட்டி எது என்பதற்கும் மதிப்பு உண்டு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என் மகளுக்கு உதவியிருக்கும். மிடில்செக்ஸ் கவுன்ட்டி நடத்தும் சிறப்புப் பள்ளிகள் உண்டு. எடிசனில் அறிவியல், கணிதம், பொறியியலுக்கு ஓர் அகாடமி, வுட்பிரிட்ஜில் மருத்துவ அறிவியலுக்கு ஓர் அகாடமி. கட்டணம் கிடையாது, எட்டாம் வகுப்பில் விண்ணப்பித்து, தேர்ந்தெடுக்கப்பட்டால் போகலாம். கவுன்ட்டிக்குள் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். சவுத் பிரன்ஸ்விக், எடிசன், ப்ளெயின்ஸ்போரோ மூன்றும் மிடில்செக்ஸில் இருக்கின்றன, வெஸ்ட் வின்ட்சர் இருப்பது மெர்சரில். ஆக ஒரே டிஸ்ட்ரிக்ட்டில், ஒரே வகுப்பில் அருகருகே உட்கார்ந்திருக்கும் ப்ளெயின்ஸ்போரோப் பிள்ளை விண்ணப்பிக்கலாம், வெஸ்ட் வின்ட்சர் பிள்ளை விண்ணப்பிக்க முடியாது.

இதைச் சொல்லும்போதே தோன்றுகிறது, நீங்கள் ப்ளெயின்ஸ்போரோவிலேயே வீடு தேடவில்லையே, ஏன்? உங்களுக்கு வேண்டிய அதே டிஸ்ட்ரிக்ட், அதோடு மிடில்செக்ஸ் கவுன்ட்டி, மகளின் தோழிகளும் அங்கேயே. தனிவீடு அரிதாகத்தான் வரும், டவுன்ஹவுஸ்கள் வரும். இன்னும் இரண்டு மாதம் பொறுக்க முடியுமானால் பாருங்கள்.

ரயில் விஷயத்தில் கெண்டல் பார்க் உங்கள் வீட்டுக்காரருக்குக் கடினம், இதை மறைக்க விரும்பவில்லை. சவுத் பிரன்ஸ்விக்கில் ரயில் நிலையமே இல்லை. வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையத்துக்கோ நியூ பிரன்ஸ்விக் பக்கத்து நிலையத்துக்கோ காரில் போய், நிறுத்த இடம் பிடித்து, பிறகுதான் வண்டி. ஜங்ஷனிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஐஸ்லினில் இருக்கும் மெட்ரோபார்க் நிலையத்திலிருந்து முக்கால் மணிதான், எடிசன், ஐஸ்லின் பக்கம் நம்மவர்கள் குவிவதற்கு ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நிலையத்தில் மாதாந்திர பார்க்கிங் அனுமதிக்கு உள்ளூர்வாசிகளுக்கு முன்னுரிமையா, காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று வீட்டுக்கு விலை பேசுவதற்கு முன் கேளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொண்டு அவர் அலுவலகம் வரை ஒரு முறை போய் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூகுள் காட்டும் நிமிடத்தை நம்பி வாங்கியவர்கள் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளி பஸ்ஸும் இதே மாதிரிதான். மாநிலச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை இரண்டு மைலுக்கு மேல், உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டரை மைலுக்கு மேல் தூரம் இருந்தால்தான் பஸ் விடுவது டிஸ்ட்ரிக்ட்டின் கடமை. அதற்குள் இருப்பவர்களுக்கு விடுவது அவர்கள் விருப்பம், பட்ஜெட் இடித்தால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள், அல்லது கட்டணம் வைப்பார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நீங்கள் ஒன்பது மணி மீட்டிங்கை வைத்துக்கொண்டு கார் வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டைப் பற்றி. கெண்டல் பார்க் வீடுகளில் பெரும்பாலானவை 1950-களின் இறுதியிலும் 60-களிலும் கட்டியவை. அந்தக் காலத்து வீடுகளில் சூடாக்கும் எண்ணெய்க்குத் தொட்டியைத் தோட்டத்தில் புதைத்திருப்பார்கள். கசிந்திருந்தால் மண்ணைத் தோண்டி அகற்றும் செலவு பல்லாயிரம் டாலர், வாங்கியவர் தலையில் விழும். இப்போது கேஸ் இணைப்பு இருந்தாலும் சரி, தொட்டி தேடும் சோதனையைத் தனியாகச் சொல்லிச் செய்யுங்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பாருங்கள், வீட்டு முன்னால் பெரிய மரம் இருந்தால் கட்டாயம். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடான், லிட்டருக்கு 4 பிக்கோகியூரிக்கு மேல் இருந்தால் விற்பவரையே சரிசெய்யச் சொல்லலாம். போட்டி அதிகம், சோதனையை விட்டுக்கொடுத்தால்தான் வீடு கிடைக்கும் என்று நெருக்குவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஏஜென்ட் தயாரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகும் மூன்று வேலைநாள் வழக்கறிஞர் பார்வைக்கென்று இங்கே சட்டம் கொடுக்கிறது, அதற்குள் வழக்கறிஞர் மூலம் காரணம் சொல்லாமலே விலகலாம்.

வெள்ளம் விஷயத்தில் 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழை எல்லோருக்கும் பாடம். மேன்வில் ஊர் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 மார்ச்சிலிருந்து, வீட்டில் வெள்ளம் வந்ததா, வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறதா என்பதை விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அடித்தளத்தில் இறங்கி, ஃபர்னஸுக்குப் பின்னால் சுவரின் கீழ்ப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் மூன்று பக்கமும் புது வெள்ளை பெயின்ட், பின்பக்கம் மட்டும் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு.

வீட்டுக்குப் பின்னால் காலி வயல் இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் டவுன்ஷிப் திட்டக்குழுவின் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். டர்ன்பைக் சுங்கச்சாலையின் 8ஏ வெளிவழியைச் சுற்றி கிரான்பரி, மன்ரோ, சவுத் பிரன்ஸ்விக் எங்கும் கிடங்குகள் எழுந்துவிட்டன. வெஸ்ட் வின்ட்சரில் பழைய அமெரிக்கன் சயனமைட் கம்பெனி நிலத்திலும் பிரம்மாண்டமான கிடங்குகளுக்கு அனுமதி கொடுத்தாயிற்று. லாரிச் சத்தம் வேறு விஷயம், அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அப்பார்ட்மென்ட் வருகிறது என்று நம்மவர்கள் வாட்ஸாப்பில் பதறுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாநில உச்ச நீதிமன்றத்தின் 1975 மவுன்ட் லாரல் தீர்ப்பிலிருந்து இங்கே ஒவ்வொரு ஊரும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும், 2025-ல் அடுத்த பத்தாண்டுச் சுற்று தொடங்கியிருக்கிறது. நீங்களே ஆறு வருடம் அப்பார்ட்மென்ட்டில் இருந்தவர்தானே? அந்தப் பிள்ளைகளால் பள்ளி கெட்டுப்போகும் என்று பேசுபவர்களை நான் நம்புவதில்லை. புதிய வகுப்பறைக்குப் பணம் எங்கிருந்து வரும், அதற்குக் கடன் வாங்க ஊர் மக்களின் வாக்கெடுப்பு எப்போது என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

"அக்கம்பக்கம் எப்படி, நம்மவர்கள் இருக்கிறார்களா?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டு அவர் மழுப்பினால் கோபப்படாதீர்கள். வீடு விற்பதில் இன, மதப் பாகுபாட்டைத் தடுக்கும் 1968-ன் வீட்டுவசதிச் சட்டம் காரணமாக அவர் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. நீங்களே போய்ப் பாருங்கள். பள்ளி நாளில் காலை ஏழரைக்கு அந்தத் தெருவின் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி இருபது நிமிடம் உட்காருங்கள். பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா, பெரியவர்கள் முகம் பார்த்துச் சிரிக்கிறார்களா, உங்கள் மகள் வயதில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். அங்கே நிற்கும் ஓர் அம்மாவிடம், "இங்கே வீடு பார்க்கிறோம், பள்ளி எப்படி?" என்று கேட்டால் எந்த இணையதளமும் சொல்லாததைச் சொல்வார். எங்கள் இரண்டாவது வீட்டை அப்படித்தான் முடிவு செய்தோம். மதிப்பெண்ணில் முதல் வீட்டைவிடக் குறைந்த ஊர்தான், இளையவன் இப்போது அங்கே பத்தாம் வகுப்பு.

என்னிடம் முடிவாகக் கேட்டால், இப்படித்தான் சொல்வேன். வீட்டுக்காரர் ஒத்திகை போய்வந்து தாங்கும் என்று சொன்னால், தொட்டிச் சோதனையும் குழாய்ச் சோதனையும் சுத்தமாக வந்தால், கெண்டல் பார்க் வீட்டை எடுங்கள். பயணம் அவரைப் பிழியும் என்று தெரிந்தால் டவுன்ஹவுஸ் சரி, ஆனால் முதலில் ப்ளெயின்ஸ்போரோவில் இரண்டு மாதம் தேடிவிட்டு. டவுன்ஹவுஸ் என்றால் சங்கத்தின் கடைசி மூன்று வருடக் கணக்கும், சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதும், கூரை மாற்ற எல்லோரிடமும் தனியாக வசூலிக்கும் திட்டம் இருக்கிறதா என்பதும் கையில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிண்டர்கார்டன் முழுநாளா, பதிவு எப்போது தொடங்குகிறது என்பதை இரண்டு டிஸ்ட்ரிக்ட்டிலும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். சங்கக் கணக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.